பார்கோடு மிஷினைக் கடைசியில் வாங்குங்கள்

நடுத்தர சூப்பர் மார்க்கெட் ஒன்றின் கல்லாவைக் கொஞ்ச நேரம் கவனித்தால் இது கண்ணில் படும். பில் போடுபவர் தேயிலைத்தூள் பாக்கெட்டை ஸ்கேனரில் காட்டுகிறார். 'பீப்' கேட்கிறது. ஆனால் பொருள் பில்லில் ஏறவில்லை. திரையில் சின்னதாக ஒரு பெட்டி திறந்து, 140 ரூபாயா 148 ரூபாயா என்று கேட்டபடி நிற்கிறது. அவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி, அச்சடித்த எம்.ஆர்.பி.யைத் தேடிப் படித்து, இரண்டில் ஒன்றைத் தட்டுகிறார். வரிசையில் பின்னால் நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பார்கோடு இருந்தும் ஏன் இந்தக் கண் வேலை? பாக்கெட்டில் இருக்கும் கோடுகளுக்குள் விலை கிடையாது என்பதுதான் காரணம். அங்கே இருப்பது 13 இலக்க எண் மட்டும். 'இன்ன கம்பெனியின் இன்ன தேயிலை, 250 கிராம்' என்பதற்கு அந்த எண் ஒரு பெயர், அவ்வளவுதான். விலையைக் கடையின் கம்ப்யூட்டர் தன் பட்டியலிலிருந்து எடுக்கிறது. பாக்கெட்டில் விலையை அச்சடிக்காத நாடுகளில் இதில் சிக்கல் இல்லை. அலமாரியில் கடைக்காரர் எழுதி வைத்ததே விலை. நம் ஊரில் ஒவ்வொரு பாக்கெட்டிலும் எம்.ஆர்.பி. அச்சாகி வருகிறது. கம்பெனி விலையை ஏற்றினால் எண்ணை மாற்றுவதில்லை. பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே அலமாரியில், ஒரே எண்ணோடு, இரண்டு விலையில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு எண்ணுக்குக் கீழே பல எம்.ஆர்.பி.யை வைத்துக்கொள்ளத் தெரியாத சாப்ட்வேர் இங்கே என்ன செய்யும்? கடைசியாக வந்த சரக்கின் எம்.ஆர்.பி.யை எல்லாப் பாக்கெட்டுக்கும் போட்டுவிடும். 140 என்று அச்சடித்த பாக்கெட் 148-க்குப் போகும். இது வாடிக்கையாளரோடு சண்டையில் முடிந்தால் அதிர்ஷ்டம். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். அதனால் மளிகைக்காரர் ஒருவர் பார்கோடு போட நினைக்கும்போது விற்பனைப் பிரதிநிதியிடம் முதலில் கேட்க வேண்டியது, "ஒரே பார்கோடுல ரெண்டு எம்.ஆர்.பி. வந்தா உங்க சாப்ட்வேர் என்ன பண்ணும்?" என்பது. ஸ்கேனர் எத்தனை அடி தூரத்திலிருந்து படிக்கும் என்பதெல்லாம் அப்புறம்.

பெரும்பாலும் நடப்பது நேர்மாறானது. பிரதிநிதி ஒரு ஸ்கேனர், ஒரு லேபிள் பிரிண்டர், நான்கு ரோல், ஒரு சாப்ட்வேர் என்று மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். கடைக்காரர் பேரம் பேசி வாங்குகிறார். எண் எதைக் குறிக்க வேண்டும் என்ற பேச்சே வருவதில்லை. மிஷின் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். இருபதாயிரம் பொருளுக்குத் தப்பாக எண் போட்டுவிட்டால் அதை அவிழ்ப்பது பெரும்பாடு.

வகையா, பேட்சா, ஒவ்வொரு உருப்படியா?

ஒரு எண் மூன்று விதமான விஷயங்களைக் குறிக்கலாம். சோப்புக்கு வகை போதும். ஒரே கம்பெனியின் ஒரே அளவுச் சோப்பு நூறு இருந்தால் நூறுக்கும் ஒரே எண். எது போனது என்று யாரும் கேட்கப்போவதில்லை, எத்தனை போனது என்பதுதான் கணக்கு. கம்பெனி அச்சடித்த எண்ணே இதற்குப் போதும். நீங்கள் தனியாக லேபிள் ஒட்ட வேண்டியதில்லை.

மருந்துக் கடைக்கு வகை போதாது. ஒரே மாத்திரை இரண்டு பேட்சில், அதாவது வெவ்வேறு சமயம் தயாரான இரண்டு தொகுதியில் இருக்கும். ஒன்று அடுத்த மாதம் காலாவதியாகும், மற்றது இரண்டு வருடம் தாங்கும். முதலில் காலாவதியாவது முதலில் போக வேண்டும். காலாவதியானதை ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பும்போதும் பேட்ச் எண் வேண்டும். மாத்திரை அட்டையில் இருக்கும் சாதாரணக் கோடு இதைச் சொல்லாது. அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் லேபிளில் பார்கோடு அல்லது கியூஆர் குறியீடு கட்டாயம் என்ற விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, உரிமம் எண் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். போலி மருந்தைப் பிடிப்பதற்காக வந்த விதி, மருந்துக் கடையின் ஸ்டாக் கணக்குக்கும் உதவலாம். ஆனால் எல்லா நிறுவனங்களும் தகவலை ஒரே வரிசையில் எழுதுவதில்லை. ஸ்கேனர் படித்துவிடும், படித்த நீளமான சரத்திலிருந்து காலாவதித் தேதியைத் தனியாகப் பிரித்து எடுக்கும் வேலை சாப்ட்வேருடையது. அதைச் செய்யத் தெரியாத சாப்ட்வேரிடம் கியூஆர் ஸ்கேனரைக் கொடுத்துப் பயனில்லை. பழையபடி கையால் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

மூன்றாவது, ஒவ்வொரு உருப்படிக்கும் தனி எண். செல்போன் கடையில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியிலேயே பார்கோடாக இருக்கிறது, வாரண்டி அதன் பேரில்தான் ஓடுகிறது. நகைக்கடையிலும் அப்படித்தான். ஹால்மார்க் போட்ட ஒவ்வொரு தங்க நகைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. இருந்தால்தான் விற்கலாம் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அந்த எண் நகையின் மீது லேசரில் பொறித்திருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவில். அதனால் கடையின் சொந்த டேக் எண்ணையும் எச்.யு.ஐ.டி.யையும் சரக்கு உள்ளே வரும்போதே பட்டியலில் இணைத்துவிட வேண்டும்.

உண்மையில் குழப்பம் வருவது ஜவுளியில். பட்டுப்புடவை என்றால் ஒவ்வொன்றும் ஒரு உருப்படி: எடை வேறு, ஜரிகை வேறு, நெசவாளருக்குக் கொடுத்த கூலி வேறு, அடக்க விலையும் வேறு. தனி எண் கொடுத்தே தீர வேண்டும். அதே கடையில் இருக்கும் உள்பாவாடைக்கும் கைக்குட்டைக்கும் தனித்தனி எண் கொடுத்தால் லேபிள் ஒட்டவே ஓர் ஆள் வேண்டும். ரெடிமேட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு டிசைன் சட்டை, 38 முதல் 44 வரை நான்கு அளவு, ஐந்து நிறம். டிசைனுக்கு ஒரே எண் கொடுத்தால் 'சட்டை 60 இருக்கிறது' என்று திரை சொல்லும். வந்தவர் கேட்கும் 42 அளவு நீலம் இருக்கிறதா என்று சொல்லாது. இருபது எண் கொடுத்தால் சொல்லும். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று தெரிந்தால் எத்தனை எண் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒரே கடைக்குள் மூன்று விதமும் கலந்து இருக்கலாம், இருக்கவும் வேண்டும். 'எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டுடலாம் சார்' என்று சொல்லும் பிரதிநிதியை மறுபடி யோசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் எண்ணை வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

கடைக்குள் மட்டும் புழங்கும் எண் என்றால் அது உங்கள் இஷ்டம். யாரிடமும் அனுமதி வேண்டாம், கட்டணம் கிடையாது. உங்கள் பொருள் அடுத்தவர் கல்லாவுக்குப் போகிறது என்றால் கதை வேறு.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்பவர் ஒருவர் சென்னையில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகளுக்குச் சரக்கு போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எண் அங்கே இருக்கும் ஆயிரக்கணக்கான எண்களில் எதோடும் மோதக்கூடாது. இதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஜிஎஸ்1 என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது. நாட்டுக்கு நாடு கிளைகள். ஜிஎஸ்1 இந்தியாவிடம் பதிவு செய்தால் 890 என்று தொடங்கும் எண் தொகுதி கிடைக்கும். இலங்கையில் பதிவு செய்தவர்களுக்கு 479, சிங்கப்பூருக்கு 888, மலேசியாவுக்கு 955. '890 இருந்தால் இந்தியத் தயாரிப்பு, மற்றதை வாங்காதீர்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தப்பு. எண் எங்கே பதிவானது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பொருளை எந்த நாட்டுத் தொழிற்சாலையிலும் செய்திருக்கலாம்.

அந்த 13 இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டி, இரட்டைப்படை இடத்தில் இருப்பவற்றின் கூட்டலை மூன்றால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 890123456789 என்றால் 28-உம், 34-ஐ மூன்றால் பெருக்கிய 102-உம் சேர்ந்து 130. அடுத்த முழுப் பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். இங்கே எதுவும் குறையவில்லை, எனவே 0. கையால் தட்டும்போது ஓர் இலக்கம் தப்பினால் கணக்கு இடித்துக்காட்டிவிடும். அதனால்தான் மனம்போன போக்கில் 13 இலக்கம் எழுதி டிசைனரிடம் கொடுத்தால் பெரும்பாலும் கோடே உருவாகாது.

இணையத்தில் மலிவாக எண் விற்பவர்கள் உண்டு. வேறு நிறுவனம் எப்போதோ பதிவு செய்த தொகுதியிலிருந்து துண்டு துண்டாக விற்பதுதான் பெரும்பாலும் அந்த வியாபாரம். பக்கத்துக் கடையில் ஸ்கேன் ஆகும், பீப் அடிக்கும், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அமேசானில் ஏற்றும்போது மாட்டிக்கொள்வீர்கள். அவர்கள் எண்ணை ஜிஎஸ்1 தரவுத்தளத்தோடு ஒப்பிடுகிறார்கள், அங்கே வேறொருவர் பெயர் இருக்கும். ஆன்லைனில் மட்டும், அதுவும் சொந்த பிராண்டில் விற்பவர் என்றால் அந்தத் தளத்திலேயே, எண் இல்லாமல் விற்க விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. மலிவு எண்ணை வாங்குவதைவிட அது நேர்மையான வழி, செலவும் இல்லை.

கடலைமிட்டாய்க்காரர் மறக்கக்கூடாத ஒன்று: அளவு மாறினால் எண் மாற வேண்டும். 200 கிராம் பாக்கெட்டை 180 கிராம் ஆக்கினால் புது எண். ஒரு முறை கொடுத்த எண்ணை வேறு பொருளுக்கு மறுபடி பயன்படுத்தவும் கூடாது. எனவே எத்தனை எண் வாங்குவது என்று கணக்குப் போடும்போது இன்றைய பொருள்களை மட்டும் எண்ணாதீர்கள். அளவுகள், சுவைகள், அட்டைப்பெட்டி எல்லாம் எண் சாப்பிடும்.

திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளருக்கு இந்தக் கவலை குறைவு. டேக்கில் வர வேண்டிய எண்ணை, சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரே அனுப்பிவிடுவார். அவருக்கு இருப்பது வேறு கவலை: அனுப்பிய எண் சரியான அளவுச் சட்டையில் தொங்குகிறதா, பெட்டியின் மேல் லேபிள் பையர் சொன்ன வடிவில் இருக்கிறதா என்பது. பதிப்பாளர்களுக்கும் தனி வழி. ஐ.எஸ்.பி.என். எண்ணே 2007 முதல் 13 இலக்கமாகி, 978 என்று தொடங்கி, நேராகப் பார்கோடாக நிற்கிறது.

கடையிலேயே எடைபோட்டு ஒட்டும் லேபிள்

துவரம்பருப்பையும் முந்திரியையும் மூட்டையிலிருந்து பிரித்து எடைபோட்டு ஒட்டும் கடைகளுக்கு இந்தப் பகுதி முக்கியம். எண்ணின் தொடக்கத்தில் 20 முதல் 29 வரை உள்ள இலக்கங்கள் கடைகளின் உள்புழக்கத்துக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. தராசு லேபிளில் 2100125012501 என்று இருந்தால் அதை இப்படிப் பிரிக்கலாம்: 21 என்பது 'இது எடை லேபிள்' என்ற அடையாளம், 00125 பொருள் எண், 01250 எடை கிராமில், அதாவது ஒன்றேகால் கிலோ, கடைசி 1 சரிபார்ப்பு. தராசில் எந்த அமைப்பு வைத்திருக்கிறீர்களோ அதே அமைப்பைப் பில்லிங் சாப்ட்வேரிலும் வைக்க வேண்டும். இரண்டையும் இரண்டு பேரிடம் வாங்கினால் இந்த இடத்தில்தான் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள்.

எடைக்குப் பதிலாக விலையையும் அந்த ஐந்து இலக்கத்தில் வைக்கலாம். பைசாவோடு எழுதினால் அதிகபட்சம் 999.99 ரூபாய்தான் அடங்கும். கத்தரிக்காய்க்குப் பிரச்சினை இல்லை. ஒரு கிலோ முந்திரிக்கு ஆயிரத்தைத் தாண்டினால் இலக்கம் போதாது. என் சாய்வு எடையை வைப்பதன் பக்கம்தான். ஆனால் அதிலும் ஒரு விலை உண்டு: காலையில் ஒட்டிய லேபிளில் ஒரு ரேட்டும், மதியம் கம்ப்யூட்டரில் மாற்றியதால் பில்லில் வேறு ரேட்டும் வந்து நின்றால் வாடிக்கையாளர் இரண்டையும் காட்டிக் கேட்பார். தினமும் ரேட் மாறும் காய்கறிக்கு, ரேட்டை மாற்றும் நேரத்தைக் கடை திறப்பதற்கு முன் என்று கட்டுப்படுத்திக்கொண்டால் இது அடங்கும்.

ஜவுளிக்கும் நகைக்கும் சொந்த டேக் அடிக்கும்போது கோட் 128 என்ற பார்கோடு வகை நல்லது. எழுத்தும் எண்ணும் எதுவும் ஏற்கும். ஆனால் ஏற்கிறதே என்று எழுத்துகளை அள்ளிப் போடக்கூடாது. இந்த வகையில் எண்கள் இரண்டிரண்டாகச் சுருங்கும், எழுத்துகள் சுருங்காது. எட்டு இலக்க எண் 25 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதே தடிமனில் எட்டு எழுத்துக்குறிகள் கிட்டத்தட்ட 36 மில்லிமீட்டர் கேட்கும். 34 மில்லிமீட்டர் டேக்கில் முதலாவது தாராளமாக நிற்கும், இரண்டாவது நிற்காது.

பழைய ஜவுளிக்கடைகளில் அடக்க விலையைச் சங்கேத எழுத்தில் டேக்கில் எழுதும் பழக்கம் உண்டு. அதே பாணியில் சப்ளையர் சுருக்கம், வருடம், பிரிவு என்று எல்லாவற்றையும் பார்கோடு எண்ணுக்குள் திணிக்கச் சிலர் ஆசைப்படுவார்கள். வேண்டாம். சப்ளையர் பெயர் மாறும், புதுப் பிரிவு வரும், இரண்டு இலக்கம் ஒதுக்கிய இடத்தில் நூறாவது சப்ளையர் வந்து நிற்பார். அர்த்தமே இல்லாத வரிசை எண்தான் நெடுநாள் உழைக்கும். விவரமெல்லாம் கம்ப்யூட்டர் பட்டியலில் இருக்கட்டும். பேரம் பேசும் ஊழியர் விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் சங்கேதத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுத்தாக அச்சடியுங்கள்.

ஒரு புள்ளியின் அகலம்

'லேபிள் அழகா வருது, ஸ்கேன் ஆக மாட்டேங்குது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது கணக்கு. கடைகளில் அதிகம் இருக்கும் லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி. மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளி, ஒரு புள்ளி 0.125 மி.மீ. பிரிண்டரால் அரைப் புள்ளி அடிக்க முடியாது. 13 இலக்கப் பார்கோடில் மிக மெல்லிய கோட்டின் நிலையான அகலம் 0.33 மி.மீ.; அதில் 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதாவது 0.264 வரை. இந்தப் பிரிண்டரில் இரண்டு புள்ளி வைத்தால் 0.25, கொஞ்சம் குறைவு. மூன்று புள்ளி வைத்தால் 0.375. அப்போது இரண்டு பக்க வெற்றிடத்தோடு சேர்த்துக் குறியீடு 42 மில்லிமீட்டரைத் தாண்டும். 38 மில்லிமீட்டர் ரோலில் நிற்காது, 50 மில்லிமீட்டர் ரோல் வேண்டும்.

நடைமுறையில் இரண்டு புள்ளிக் கோட்டை நல்ல ஸ்கேனர் சிரமமின்றிப் படிக்கும். உங்கள் கடைக்குள் மட்டும் என்றால் அதுவே போதும். பெரிய சங்கிலிக் கடைக்கு அனுப்பும் சரக்கு என்றால் தரச் சோதனையில் திரும்பி வரலாம். அங்கே 50 மில்லிமீட்டர் லேபிள் அல்லது 300 டிபிஐ பிரிண்டர் என்று போவது நல்லது. எப்படி இருந்தாலும் குறியீட்டைப் படமாக வாங்கி, மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கி அச்சடிக்காதீர்கள். சில கோடு இரண்டு புள்ளி, சில கோடு மூன்று புள்ளி என்று கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும். இரண்டு ஓரத்திலும் உள்ள வெள்ளை இடமும் குறியீட்டின் பகுதிதான். இடம் வீணாகிறது என்று அங்கே கடையின் பெயரை நெருக்கி அடித்தால் கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குப் புரியாது.

அச்சின் தொல்லை பார்கோடு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. நார்மன் ஜோசப் வுட்லேண்டும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற யோசனையில் வட்டத்துக்குள் வட்டமான வடிவமும் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் படிக்கலாமே என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அச்சு இயந்திரம் ஓடும் திசையில் மை இழுபட்டால் வட்டம் கெட்டுவிடும். நேர்க்கோடுகளை அதே திசையில் அடித்தால் மை இழுபட்டாலும் கோடு நீளுமே தவிர அகலம் மாறாது. ஐபிஎம்மின் ஜார்ஜ் லாரர் வடிவமைத்த நேர்க்கோடுகள்தான் கடைசியில் ஜெயித்தன. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்து ட்ராய் ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் முதன்முதலாக சூயிங்கம் பாக்கெட் ஒன்று ஸ்கேன் ஆனது. விலை 67 சென்ட். இன்றும் பாக்கெட் அச்சடிக்கும் சிவகாசி அச்சகக்காரர் பிலிம் ரோல் ஓடும் திசையைப் பார்த்துத்தான் கோடுகளைத் திருப்புவார்.

நிறத்தில் கவனம் தேவை. பழைய ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில் படிப்பவை, இன்னும் பலவும் அப்படித்தான். சிவப்பு ஒளியில் சிவப்பு மை வெள்ளையாகவே தெரியும். வெள்ளைத் தாளில் அரக்கு நிறக் கோடு, தங்க நிறத்தில் கோடு என்று புடவைப் பெட்டிக்கு அழகு பார்த்தால் ஸ்கேனருக்கு அங்கே எதுவும் இருக்காது. கறுப்பு, கருநீலம், கரும்பச்சை சரி. ஊறுகாய் பாட்டில் போன்ற உருண்டைகளில் கோடுகளைப் படுக்கை வாட்டில் அமையுங்கள். அப்போது ஸ்கேனர் ஒளி பாட்டிலின் உயரத்தில் நேராக ஓடும். நிமிர்ந்த கோடுகள் என்றால் ஓரத்துக் கோடுகள் வளைவுக்குப் பின்னால் மறைந்துபோகும்.

சொந்தமாக அடிக்கும் லேபிளில் இரண்டு முறை. வெப்பத்தாளில் நேரடியாக அடிப்பது ஒன்று. ரிப்பன் இல்லை, செலவு குறைவு. ஆனால் சட்டைப்பையில் கிடந்த பில் வெளுத்துப்போவது போலவே இதுவும் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். எடைபோட்ட காய்கறிக்கு, சீக்கிரம் விற்றுப்போகும் பொருளுக்கு இது போதும். தீபாவளிக்கு வந்து பொங்கல் வரை அலமாரியில் கிடக்கும் துணிக்கு ரிப்பன் வைத்து அடிப்பதுதான் சரி. காகித லேபிளுக்கு மெழுகு ரிப்பன் போதும். எண்ணெய்ப் பாட்டில், குளிர்பெட்டிச் சரக்கு என்றால் பிளாஸ்டிக் லேபிளும் ரெசின் ரிப்பனும். விலை கூடுதல்தான், ஆனால் நகத்தால் சுரண்டினாலும் எளிதில் போகாது.

ஸ்கேனர், கடைசியில்

இதுவரை சொன்னதெல்லாம் முடிவானால் ஸ்கேனர் தேர்வு சில நிமிட வேலை. கோடுகளை மட்டும் படிக்கும் லேசர் ஸ்கேனர் மலிவு. கியூஆரையும் படிக்கும் கேமரா வகை கொஞ்சம் கூடுதல். இன்று புதிதாக வாங்குபவர் இரண்டாவதை வாங்குவதே நல்லது. ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் 1994-இல் கார் பாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்த கியூஆரை நாம் பணம் கட்டுவதோடு சேர்த்தே பார்க்கிறோம். ஆனால் 2027-க்குள் கடைகளின் கல்லாக்கள் கோட்டோடு கியூஆர் போன்ற இரு பரிமாணக் குறியீடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று ஜிஎஸ்1 உலகளவில் இலக்கு வைத்திருக்கிறது. பொருள் எண்ணோடு பேட்சும் காலாவதியும் ஒரே சதுரத்தில் வந்தால் காலாவதியான பால் பாக்கெட்டைக் கல்லாவே மறுக்கலாம். எல்லாக் கம்பெனிகளும் உடனே மாறிவிடப்போவதில்லை, இருந்தாலும் இப்போது வாங்கும் ஸ்கேனர் பல வருடம் ஓடப்போகிறது.

கல்லாவில் இரண்டு கையும் பொருளில் இருக்க வேண்டும் என்றால் மேசையில் நிற்கும் வகை. அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்ட முடியாது என்றால் ஒயரில்லாத கைவகை. குடோனில் ஸ்டாக் எடுக்க, பட்டியலையும் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு கைக்கருவி. சின்னக் கடைக்குச் செல்போன் கேமராவே ஸ்டாக் எடுக்கப் போதும். பில் போட மட்டும் அதை நம்பாதீர்கள், ஒவ்வொரு பொருளுக்கும் கேமரா குவியும்வரை காத்திருக்க வரிசைக்குப் பொறுமை இருக்காது. சுங்கச்சாவடி பாஸ்டாக்கில் இருக்கும், ரேடியோ அலையில் படிக்கும் ஆர்எப்ஐடி துணிக்கும் வந்துவிட்டது, ஒரு ரேக் துணியைத் தொடாமலே எண்ணிவிடும். பல கிளை உள்ள பெரிய ரெடிமேட் கடை இல்லையென்றால் இப்போதைக்கு அதைத் தள்ளி வைக்கலாம்.

பெரும்பாலான ஸ்கேனர்கள் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு மாதிரியே தெரியும். எண்ணைத் தட்டி எண்டர் அழுத்துவதுதான் அதன் வேலை. அதனால் எந்தக் கம்பெனி ஸ்கேனரும் எந்த சாப்ட்வேரோடும் அநேகமாகச் சேரும். 'எங்க சாப்ட்வேருக்கு எங்க ஸ்கேனர்தான்' என்று சொன்னால் காரணம் கேளுங்கள்.

பட்டியல் யாருடையது என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பொருள் பெயர், எண், அளவு, வரி விகிதம், எம்.ஆர்.பி. எல்லாம் அடங்கிய அந்தப் பட்டியலை உட்கார்ந்து ஏற்றியது உங்கள் ஆட்கள். நாளைக்கு வேறு சாப்ட்வேருக்கு மாற நினைத்தால் அதை முழுதாக வெளியே எடுக்க முடிய வேண்டும். எக்செல்லில் எடுக்கும்போது ஒரு பொறி உண்டு. எண் நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றாமல் திறந்தால் 8901234567890 என்பது 8.90-க்குப் பின்னால் ஏதோ கூட்டல் 12 என்று சுருங்கி நிற்கும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போய்விடும். பூஜ்யத்தில் தொடங்கும் அமெரிக்க எண்கள் முதல் பூஜ்யத்தை இழக்கும். அதற்கப்புறம் எந்த ஸ்கேனர் வைத்தாலும் 'பொருள் இல்லை' என்றுதான் வரும்.

டெமோவுக்கு வரும் பிரதிநிதி தன் பையில் கொண்டுவரும் மாதிரி லேபிள்கள் எப்போதும் முதல் தடவையே பீப் அடிக்கும். அவற்றை ஓரம் வைத்துவிட்டு உங்கள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுங்கள்: கசங்கிய சிப்ஸ் பாக்கெட், ஈரமான தயிர் பாக்கெட், வளைந்த பாட்டில், இரண்டு எம்.ஆர்.பி. உள்ள சோப்பு, எடை லேபிள் ஒட்டிய பருப்பு. அப்புறம், நேற்று விற்ற ஒன்றை வாடிக்கையாளர் பில் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்தால் எந்த விலையில் உள்ளே எடுக்கும் என்று கேளுங்கள். அங்கே அவர் ஆபீசுக்குப் போன் போட்டால், பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.